உப்புப் போட்ட ஐஸ்

நைனார்பாளையத்திலிருந்து புதுச்சேரி போய்த் திரும்ப ஒரு பகல் போதும். எனக்கு மூன்று நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் நான் போய் நின்ற இடம் கல்வராயன் மலை. கடலுக்குப் போனவள் மலையில் போய் ஏன் நின்றாள் என்பதைத்தான் எழுதுகிறேன். நான் முதியோர் வகுப்பில் கற்றவள், எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். மருமகள் செல்வி பிழை திருத்தி நல்ல தாளில் எடுத்து எழுதிக் கொடுத்தாள். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி, "இதையும் எழுதணுமா அத்தே?" என்று கேட்டாள். எழுது என்றேன்.

அஞ்சலை என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய தம்பி மனைவி. கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் வாடகை இடத்தில் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறாள். இரண்டு மாடும் உண்டு. புருஷன் இல்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவளும் நானும் பேசிப் பதினெட்டு வருடம்.

எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் பால் வாங்கி அளக்கிற வேலையில் நாற்பது வருடம் இருந்தவள் நான். ஒருநாள் காலை அவள் கொண்டுவந்த பால் கெட்டுப்போயிருந்தது என்று எல்லார் எதிரிலும் தரையில் ஊற்றினேன். அவள் காலிக் கேனை எடுத்துக்கொண்டு போனாள். அந்த வருடமே பாகம் பிரித்துக்கொண்டு மலைக்குக் குடிபோய்விட்டார்கள்.

இப்போது அவளுக்குச் சூல்பையில் கட்டி. கள்ளக்குறிச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கிறாள். முதலில் ஏற்றிய மருந்துக்குக் கட்டி அசையவில்லை. அடுத்து ஏற்ற வேண்டிய மருந்தை அவளுடைய இதயம் தாங்காதாம். ஆனால் அதே மருந்தைக் கொழுப்புக் குமிழுக்குள் அடைத்து ஒன்று வந்திருக்கிறது, அதை ஏற்றலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். புதுச்சேரியில் ஒரு தர்ம நிறுவனம் அதை மாதம் ஒரு தடவைக்கு உண்டானது மட்டும் இலவசமாகக் கொடுக்கிறது. சீட்டைக் காட்டி யாராவது நேரில் வாங்க வேண்டும். வியாழக்கிழமை ஏற்றுவதாக இருந்தது. மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. செல்வி அஞ்சலையோடும் அவள் மகனோடும் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தாள், எனக்குத் தெரியாமல். அப்படித்தான் செய்தி என் காதுக்கு வந்தது.

"நான் போய் வாங்கியாந்துடறேன் அத்தே" என்றாள் செல்வி.

"நீ இன்னா ஐஸ் பாத்தவளா? குளிர்ச்சியா கொண்டாரணும்னு சொல்றாங்க. வழியில கெட்டுப்போனா யாரு பதில் சொல்றது? நான் போறேன்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவளிடம் சொல்லாதது ஒன்று இருந்தது. அஞ்சலையிடம் போய் வாய்விட்டுக் கேட்க முடியாத மன்னிப்பை, இப்படி அலைந்து கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். மருந்து போய்ச் சேர்ந்தால் போதும், பேச்சு தேவையில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் ஓர் அம்மாள், மடியில் முருங்கைக்கீரைக் கட்டு.

"எங்க போறீங்க?"

"பாண்டிக்கு."

"பாண்டிக்கா? இந்த வயசுலயா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பின்சீட்டுக்காரர்களும் சிரித்தார்கள். எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அதுக்கு இல்லம்மா. மருந்து வாங்கப் போறேன்."

"எங்க வூட்டுக்காரரும் அப்பிடித்தான் சொல்லிட்டுப் போவாரு. மருந்துன்னு."

பஸ்ஸே சிரித்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கரும்புத் தோட்டத்தைப் பார்த்தேன். இறங்கும்போது அந்த அம்மாள் ஒரு பிடி கீரையை என் பையில் திணித்துவிட்டுப் போனாள். மூன்று நாளும் அந்தக் கீரை என்னோடு அலைந்து வாடியது.

புதுச்சேரி நமக்குப் பக்கம்தான், ஆனால் வேறு அரசாங்கம். போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி. தெருவெல்லாம் கயிறு பிடித்துப் போட்டதுபோல நேராக இருக்கிறது. எங்கள் ஊர்த் தெரு மாடு போன போக்கில் உண்டானது. காலையில் ஓர் ஓட்டலில் பொங்கலும் வடையும் சாப்பிட்டேன். வடை எங்கள் பக்கத்து வடையைவிடப் பெரியது, நடுவில் இருந்த ஓட்டையும் அதற்குத் தக்கபடி பெரியது. சாம்பாரில் இனிப்பு. டீக்கடையில் ஒரு வெள்ளைக்காரம்மா நின்று கடைக்காரரிடம் ஏதோ கேட்டாள். அவர் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "பாலு எந்த மாட்டுதுன்னு கேக்குதுங்க."

"பாக்கெட்டுதுன்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் அதை அவள் பாஷையில் சொன்னாரோ, வேறு என்ன சொன்னாரோ, அந்த அம்மா தலையாட்டிக்கொண்டே குடித்தாள். எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

தர்ம நிறுவனம் என்றால் பெரிய கட்டடம் என்று நினைத்திருந்தேன். மாடியில் இரண்டு அறை. மருந்து கொடுக்கிற பெண்ணின் பெயர் ஸ்டெல்லா. செல்வி வயதுதான் இருக்கும். சீட்டைப் பார்த்துவிட்டு, "நீங்க பேஷண்டுக்கு இன்னா வேணும்?" என்று கேட்டாள். ஓரகத்தி என்றேன். "ஓரகத்திக்காக இவ்ளோ தூரமா!" என்று ஆச்சரியப்பட்டாள். நான் அதை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டேன்.

மருந்து மூன்று குப்பி. உள்ளே சிவப்பு. செம்பருத்தி ஊறின தண்ணீரில் ஒரு சொட்டுப் பால் விட்டதுபோல இருந்தது. கொழுப்புக் குமிழ் என்கிறார்களே, எங்கே, ஒன்றும் காணோமே என்றேன்.

"கண்ணுக்குத் தெரியாதும்மா. உங்க தலைமுடி ஒண்ணு இருக்குல்ல, அதோட தடிமன்ல ஆயிரம் குமிழ வரிசையா நிக்க வைக்கலாம். ஒவ்வொரு குமிழுக்குள்ளயும் மருந்து அடைச்சிருக்கும்."

"பால்ல கொழுப்பு மிதக்கறாப்பல."

"கரெக்டு! அதவிடப் பொடிசு. வெறும் மருந்தா ஏத்தினா ரத்தத்தோட எல்லா எடமும் போயி இதயத்தையும் தாக்கும். குமிழுக்குள்ள இருந்தா அது பாட்டுக்குச் சுத்திக்கினே இருக்கும், இதயத்துக்குப் போறது ரொம்பக் கம்மி. கட்டி இருக்கற எடத்துல மட்டும் ரத்தக்குழாய் ஓட்டைச் சாக்கு மாதிரி இருக்கும். குமிழு அங்க ஒழுகி உள்ள பூந்துடும். பூந்து, மெதுவா அங்கயே மருந்த விடும்."

எனக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. போய்ச் சேர வேண்டிய வீடு வரைக்கும் வாயைத் திறக்காத ஆள் மாதிரி என்று நினைத்தேன். அந்தப் பெண் குப்பிகளைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்தாள். சுற்றிலும் அட்டை, அதற்கு வெளியே நீல நிறத்தில் இரண்டு ஜெல் பாக்கெட். டேப் ஒட்டினாள்.

"இது ராத்திரி வரைக்கும் தாங்கும். சில்லுனு இருந்தா போதும்மா. உறைய வுட்றாதீங்க. வூட்டுக்குப் போயிட்டா பிரிட்ஜில, கீழ்த்தட்டுல வைங்க. ஏன்னா உறைஞ்சிடுச்சின்னா அந்தக் குமிழு..."

"எனக்கு ஐஸ் புதுசு இல்லம்மா" என்றேன். "நாப்பது வருசம் பால் சொசைட்டில இருந்தவ. ஒரு கேன் கெட்டதில்ல."

அவள் சிரித்துவிட்டாள். "அப்ப உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா!" என்று கையெழுத்து வாங்கப் புத்தகத்தை நீட்டினாள். நான் என் பெயரை முழுசாக, தனபாக்கியம் என்று, எழுத்து எழுத்தாகப் போட்டேன். அவள் சொல்ல வந்த மீதி அப்படியே நின்றுபோயிற்று.

திரும்பும்போது உளுந்தூர்பேட்டைக்கு முன்னாலேயே பஸ் புகைந்து நின்றது. டிரைவர் முன்பக்கத்தைத் திறந்தார், ஆவி குபுகுபுவென்று வந்தது. "எறங்குங்க எறங்குங்க, ஒரு அரைமணி நேரம்" என்றார் கண்டக்டர். அது ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நிழலுக்கு ஒரு புளியமரம், அதன் கீழே முப்பது பேர். லாரி போகிற ஒவ்வொரு தடவையும் சூட்டுக் காற்று முகத்தில் அடித்தது. பெட்டியை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டேன். வேறு பஸ் பிடித்து உளுந்தூர்பேட்டை கூட்டு ரோட்டில் இறங்கியபோது, பெட்டிக்குள் விரல் விட்டுப் பார்க்கலாம் என்று டேப்பைப் பிரித்தேன். ஜெல் பாக்கெட் கொழகொழவென்று இருந்தது. குளிர்ச்சி இருந்தது, ஆனால் என் கைக்குப் போதவில்லை. பால் கேனாக இருந்தால் நான் அதை வண்டியில் ஏற்றியிருக்க மாட்டேன்.

கூட்டு ரோட்டில் ஒருவர் மூன்று சக்கர வண்டியில் குல்ஃபி விற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் ஐஸ் கேட்டேன். சாக்கில் சுற்றி வைத்திருந்த கட்டியை உடைத்துக் கொடுத்தார். பக்கத்து மளிகைக் கடையில் கல்லுப்பு ஒரு பாக்கெட் வாங்கினேன். சொசைட்டி வண்டி வராத நாட்களில் கேனைச் சுற்றி ஐஸ் வைத்து உப்புப் போடுவோம். உப்புப் போட்ட ஐஸின் குளிர் வேறு, கையை வைத்தால் கடிக்கும். குல்ஃபிக்காரர் நான் உப்பைத் தூவுவதைப் பார்த்துச் சிரித்தார்.

"தொழிலுக்கு வந்துட்டியா ஆயா? உப்பு போட்டா கல்லு மாதிரி புடிச்சிக்கும். உள்ள இன்னா, மீனா?"

"மருந்து."

"மருந்துக்கு உப்பு போடலாமா?"

"நாப்பது வருசம் இதே வேல பாத்தவப்பா நான்."

"அப்ப சரி. நான் பதினஞ்சு வருசம்தான்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அட்டையை எடுத்துவிட்டுக் குப்பிகளை ஒரு பாலிதீன் பையில் போட்டு முடிச்சுப் போட்டு ஐஸுக்கு நடுவில் புதைத்தேன். மூடிய பிறகு பெட்டியின் வெளிப்பக்கமே ஜில்லென்று இருந்தது. என் கைத்திறமையை நானே மெச்சிக்கொண்டு வந்தேன். கள்ளக்குறிச்சி வரும்போது ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கும் நேரம் முடிந்துவிட்டது. காலையில் வாருங்கள் என்றார்கள். வீட்டில் செல்வி, "பிரிட்ஜில வச்சிடலாம் அத்தே" என்றாள். "கரண்ட் போனா இன்னா பண்ணுவ?" என்று கேட்டு, இன்னும் கொஞ்சம் ஐஸும் உப்பும் போட்டு, பெட்டியை என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தூங்கினேன். நன்றாகத் தூங்கினேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரிக்கு நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். மருந்துப் பிரிவில் நடுவயது நர்ஸ் ஒருவர். பெட்டியைத் திறந்தார். கையுறை போட்ட விரலால் ஐஸைத் தொட்டு, அந்த விரலை முகர்ந்து பார்த்தார். அது நான் செய்கிற வேலை. கேன் மூடியைத் திறந்ததும் முகர்ந்து பார்ப்பது.

"இதுல உப்பு போட்டீங்களா?"

"ஆமாங்க. ஐஸ் நிக்கணும்ல."

குப்பியை எடுத்தார். உள்ளே சிவப்பு அசையவில்லை. சாய்த்தால் சாயவில்லை. கூடத்தில் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் எழுந்து என் தோளைத் தொட்டு உள் அறைக்குக் கூட்டிப்போனார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். கதவைச் சாத்தினார். பிறகு குப்பியை மேசைமேல் ஒரு துணியில் வைத்தார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஓரத்திலிருந்து உருகியது. உருகியது முந்தின நாள் பார்த்த செம்பருத்தித் தண்ணீராக இல்லை. கலங்கல், அடியில் மணல்போலப் பொடி.

"கொழுப்புக் குமிழு ஒடைஞ்சிருக்கும்மா. உள்ள இருந்த மருந்து வெளிய வந்துடுச்சி. இத ஏத்தினா வெறும் மருந்த ஏத்தற மாதிரிதான். அவங்க இதயத்துக்கு..." என்று நிறுத்தினார். "ஏத்த முடியாதும்மா."

அவர் சொல்லி முடிப்பதற்குள்ளேயே எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் சொசைட்டியில் பெரிய கூலர் வந்த புதிதில், சில நாள் அளவு மீறிக் குளிர்ந்துபோய்ப் பால் சுவரோரம் கட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அது உருகினால் மேலே வெண்ணெய்ப் பொட்டுப் பொட்டாக மிதக்கும். டீ போட்டால் எண்ணெய் நிற்கும். குளிரில் வைத்த பால் வேறு, உறைந்த பால் வேறு. இதை வேலைக்கு வந்த புதுப் பெண்கள் எல்லாருக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். கேனுக்கு உப்பு ஐஸ் வைத்தால் நாற்பது லிட்டர் பால் உறையாது. மூன்று விரல்கடைக் குப்பி உறையும். இது எனக்குத் தெரியாத விஷயம் என்று நான் சொல்ல முடியாது. தெரிந்ததை நினைத்துப் பார்க்காமல் விட்டேன்.

நர்ஸ் புதுச்சேரிக்குப் போன் போட்டார். ஸ்டெல்லா பேசினாள். அவர்கள் கையில் வேறு இல்லை. அடுத்த வரவுக்கு மூன்று வாரம் ஆகும். கடையில் வாங்குவதென்றால் அஞ்சலை கடையை விற்றாலும் ஆகாது, என்னாலும் ஆகாது. "நான் முழுசா சொல்லியிருக்கணும்மா" என்று போனில் அந்தப் பெண்ணின் குரல் கரகரத்தது.

"நீ சொல்ல வந்த கண்ணு. நான்தான் வுடல" என்றேன்.

நர்ஸ் என்னை வெளியே அனுப்பும்போது சத்தமில்லாமல் சொன்னார்: "பேஷண்டுக்கு நாங்க போன்ல சொல்லிடறோம். நீங்க வூட்டுக்குப் போங்கம்மா." கூடத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நான் பதினெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கதவையும் சாத்தவில்லை. சாத்த அங்கே கதவும் இல்லை, தெருவாகத்தான் இருந்தது. ஆனாலும்.

"நீங்க சொல்ல வேணாங்க. நான் போய்ச் சொல்றேன்" என்றேன்.

புதன்கிழமை மலைக்கு. வடக்கனந்தல் வரைக்கும் எங்கள் ஊர் மாதிரியே நெல்லும் கரும்பும் மரவள்ளியும்தான். அடிவாரத்து அணையைத் தாண்டினதும் பஸ் மூக்கைத் தூக்கிக்கொண்டது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஆட்கள் எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்து, பிறகு மறுபக்கம் சாய்ந்தார்கள். மலைக்காரர்கள் சாயவில்லை. அவர்கள் உடம்புக்கு அது பழக்கம். நடுவழியில் ஒருவர் கடுக்காய் மூட்டை இரண்டும் ஓர் ஆட்டுக்குட்டியும் வைத்துக்கொண்டு கை காட்டினார். பஸ் நின்றது. ஆட்டுக்கு டிக்கெட் உண்டா இல்லையா என்று ஒரு பஞ்சாயத்து.

"மடியில வச்சிக்கினா டிக்கெட் கெடையாது" என்றார் கண்டக்டர்.

"யார் மடியில?"

கண்டக்டர் சுற்றிப் பார்த்தார். நான்தான் மூட்டை முடிச்சு இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். ஆட்டுக்குட்டி என் மடிக்கு வந்தது. திங்கட்கிழமை மருந்துப் பெட்டி இருந்த அதே மடி. குட்டி சூடாக இருந்தது, நெஞ்சு படபடவென்று அடித்தது. பையில் கிடந்த வாடின முருங்கைக்கீரையை அது இழுத்துத் தின்றது. ஏறிய ஆள், "நல்ல கைராசிம்மா உங்களுக்கு, கத்தவே இல்ல பாருங்க" என்றார்.

வெள்ளிமலையில் காற்று வேறு. உச்சி வெயிலிலும் நிழலுக்குள் போனால் குளிர்கிறது. இந்த ஊரில் மருந்து இருந்திருந்தால் ஐஸே வேண்டியிருக்காதோ என்று பைத்தியக்காரத்தனமாக ஓர் எண்ணம் வந்தது. அஞ்சலை கடை எது என்று யாரையும் கேட்கவில்லை. வாசலில் பால் கேன் கவிழ்த்துக் காயவைத்திருந்தது. அதை வைத்தே தெரிந்துகொண்டேன். எங்கள் சொசைட்டிக் கேன்தான். விளிம்பில் எங்கள் ஊர் நம்பர் இன்னும் இருந்தது.

அவள் உள்ளே தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். தலையில் துண்டு கட்டியிருந்தாள், முடி இல்லை. முகம் சுருங்கி, கண் மட்டும் பழைய கண். வயிறு மட்டும் மேடாக இருந்தது. நாளைக்குக் கிளம்ப, பையில் துணி மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

"யக்கா" என்றாள். அவ்வளவுதான். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த அரிசிச் சிப்பத்தைத் தட்டிக் காட்டினாள். உட்கார்ந்தேன்.

"மருந்து வாங்கியாந்துட்டன்னு செல்வி சொல்லிச்சி. நீயே போனியாமே."

"போனேன்."

"செரி."

"அஞ்சல, அது கெட்டுப்போச்சு. நான்தான் கெடுத்தேன்."

ஒன்றும் விடாமல் சொன்னேன். பஸ் நின்றது, ஜெல் பாக்கெட், குல்ஃபிக்காரர் கேட்டது, நான் சொன்ன பதில், கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்கினது. மூன்று வாரம் ஆகும் என்பதையும் சொன்னேன். நடுவில் ஒரு பெண் வந்து அரைக் கிலோ வெல்லம் கேட்டாள். அஞ்சலை எழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"உப்பு போட்டியா?" என்று கேட்டாள்.

"போட்டேன்."

"எவ்ளோ?"

"ஒரு பாக்கெட்டு. அப்பறம் வூட்ல இன்னொரு கையி."

அவள் சிரித்தாள். சிரிப்பு வயிற்றில் பிடித்துக்கொண்டது, கையால் அழுத்திக்கொண்டு சிரித்தாள். "கருவாடு போட்டுக்கினியா என் மருந்த?" சிரிப்பு நிற்கும்போது கண்ணில் தண்ணீர் இருந்தது. அது சிரிப்பில் வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. மடித்து வைத்த துணிப்பையை எடுத்துத் தராசுக்குக் கீழே தள்ளினாள்.

தெருவைப் பார்த்தபடி சொன்னாள்: "அன்னிக்கி என் பால நீ மோந்துகூடப் பாக்கல யக்கா."

செல்வி நிறுத்திக் கேட்ட இடம் இதுதான். மேலே நான் அவள் பால் கெட்டுப்போயிருந்தது என்று எழுதியிருக்கிறேன். பதினெட்டு வருடமாக எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லி வந்தேன், எழுதும்போதும் கை அப்படியே போய்விட்டது. அதை அடிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். உண்மை இதுதான்: அதற்கு முந்தின நாள் மோட்டார் தண்ணீர் முறைக்கு இரண்டு குடும்பத்துக்கும் வாய்த்தகராறு. காலையில் அவள் கேனோடு வரிசையில் வந்து நின்றாள். நான் மூடியைத் திறந்தேன், முகரவில்லை, பால்மானி விட்டு டிகிரி பார்க்கவில்லை, திரிந்துபோச்சு என்று சொல்லிக் கவிழ்த்தேன். பால் மண்ணில் போகும்போது நல்ல பாலின் வாசனைதான் வந்தது. கறந்த சூட்டு வாசனை. வரிசையில் நின்ற எல்லாருக்கும் வந்திருக்கும். யாரும் பேசவில்லை, நான் அளக்கிறவள் என்பதால்.

"மோந்து பாக்கல" என்றேன். "நல்ல பாலு அது."

"தெரியும்."

"எனக்கும் தெரியும்."

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்" என்றாள். "எத்தினி வருசம் ஆச்சு இத சொல்ல? இதுக்கு எனக்குச் சீக்கு வரணுமா?"



மூன்று வாரம் கழித்து நானும் செல்வியும் சேர்ந்து போய் மருந்து வாங்கினோம். ஸ்டெல்லா சொல்லச் சொல்ல நான் வாயைத் திறக்காமல் கேட்டேன், கடைசி வரைக்கும். குப்பிகள் செம்பருத்தித் தண்ணீராகவே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தன. ஏற்றினார்கள். இதயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த மூன்று வாரத்துக்குள் அவள் வயிற்றில் தண்ணீர் கோத்து இரண்டு தடவை எடுக்க வேண்டியிருந்தது. இப்போது கடைக்கு ஆள் வைத்திருக்கிறாள், அவளால் தராசுக்குப் பின்னால் உட்கார முடியவில்லை. அன்றைக்கே ஏற்றியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா என்றார். நல்ல மனுஷர். எனக்காகச் சொன்னாரா, உண்மையிலேயே சொல்ல முடியாதா என்பது தெரியவில்லை.

அன்றைக்கு மலையில் கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அஞ்சலை சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனாள். நான் எழுந்தேன், வேண்டாம் என்று கை காட்டினாள். சாயங்காலக் கறவை அவளே கறந்தாள். வயிறு மேடாக இருந்ததால் குந்த முடியாமல் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து கறந்தாள். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். பால் பாத்திரத்தில் விழுகிற சத்தம் மட்டும்தான்.

எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, நுரையோடு கொண்டுவந்து நீட்டினாள். காய்ச்சவில்லை, சர்க்கரை போடவில்லை.

"மோந்து பாத்துட்டுக் குடி யக்கா" என்றாள். "அப்பறம் என்னக் கொற சொல்லாத."

நான் டம்ளரை வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகராமல் குடித்தேன்.